வெளியூர் உறவினர் பெயருக்கு வரும் கோர்ட்டுக் கடிதங்கள்: ஒரு சாஸ்திரீய விசாரணை

தோலைப் பதப்படுத்தும் உபாயங்களைப் பற்றியும், பிரியாணிக்கு உகந்தது சீரகச் சம்பாவே என்பதைப் பற்றியும் இரவு முழுவதும் வாதம் புரியவல்ல பண்டிதர்கள் மலிந்த ஆம்பூரில், ஊரை விட்டுப் போன உறவினன் பெயருக்கு வரும் சம்மனை உள்ளூரில் அகப்பட்டுக்கொண்டவன் எவ்வாறு எதிர்கொள்வது என்னும் விஷயம் எந்தச் சபையிலும் ஆராயப்படாமற் போனது விசனிக்கத்தக்கது.

1996 ஆகஸ்டு 28-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்த சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு போன்ற மகா விஷயங்கள் நமக்கு வேண்டா. நம் ஆராய்ச்சிக்குரியவன், தோலைக் கடனுக்கு வாங்கி, வாங்கிய விலைக்கும் கீழே விற்று, ஒருநாள் ரயிலேறிச் சென்னைப் பெரியமேட்டுத் தோல் மண்டிகளுக்கிடையே கலந்துவிடும் ஒன்றுவிட்ட தம்பி. அவன் போய்விடுகிறான், அவனுடைய ரேஷன் அட்டையோ பெரியப்பா வீட்டுப் பீரோவிலேயே தங்கிவிடுகிறது. அந்த விலாசத்தைப் பற்றிக்கொண்டுதான் கோர்ட்டு அமீனா வருகிறார்.

இவ்விடத்தில் இரண்டு மதங்கள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு மூச்சுவிடாமலிருப்பது பூர்வபக்ஷம். இது நில்லாது, ஏனெனில் உள்ளே குக்கர் விசிலடிக்கும்.

இரண்டாவதாகிய உபசார மதமே நம் பிரதேசத்தில் பெருவழக்கு. அபாயம் மிக்கதும் அதுவே. வெயிலில் சைக்கிள் மிதித்து வந்த மனிதரை வாசலில் நிறுத்துவது பாவமென்று கருதும் பெரியம்மா, நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, எதிர்வீட்டு ஜன்னல்கள் திறப்பதைக் கண்டு மானம் காக்கும் பொருட்டு, “நம்ம புள்ளதாங்க, மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கான், காத்தால வந்துடுவான், குடுங்க நான் வாங்கிக்கிறேன்” என்று திருவாய் மலர்வாள். பையன் இங்கேதான் வசிக்கிறான் என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சியத்தை எதிர்க்கட்சி வக்கீலே ஜோடித்திருக்க இயலாது.

1908-ஆம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆவது கட்டளை, 15-ஆவது விதி கூறுவதாவது: பிரதிவாதி வீட்டிலில்லாமலும், சீக்கிரம் அகப்படும் மார்க்கமில்லாமலும், ஏஜெண்டு இல்லாமலும் இருப்பின், அவனோடு கூட வசிக்கும் குடும்பத்து வயதுவந்தவர் ஒருவரிடம் சம்மனைச் சார்பு செய்யலாம், வேலைக்காரர் குடும்பத்தினராகார். மூலத்தில் இந்தப் பாத்தியதை ஆண்களுக்கே இருந்தது. 1976-ஆம் வருஷத்துத் திருத்தம் பெண்களுக்கும் இதை வழங்கியது. ஸ்திரீகளின் முன்னேற்றத்தைப் பேசுவோர் பெரியம்மாவுக்குக் கிட்டிய இந்த உரிமையைக் குறிப்பிடாதது ஏனென்று தெரியவில்லை.

சூக்ஷ்மம் முழுவதும் “கூட வசிக்கும்” என்பதிலேயே அடங்கியிருக்கிறது. பெரியப்பா என்னும் பாந்தவ்யம் மட்டும் போதாது. ஒரே கூரையின் கீழ் வாசம் வேண்டும். ஆகவே, மோர் கொடுக்கலாம், நாற்காலியும் போடலாம், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து மட்டும் போடலாகாது. “அவன் இங்கே குடியில்லை, பெரியமேட்டிலிருக்கிறான்” என்று சொல்லி, அதை அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்பதே சித்தாந்தம். தபாலில் வந்ததானால், உறையைப் பிரிக்காமல், ஆள் குடிபெயர்ந்த சங்கதியைத் தபால்காரரிடம் எழுதச் சொல்லித் திருப்ப வேண்டும். பிறகு பையனுக்குப் போன் செய்து சொல்லிவிடுவது தர்மம். இல்லாவிடில் அவன் அங்கே பேரம் பேசிக்கொண்டிருக்கையில் இங்கே எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகிவிடும்.

டிக்ரி ஆனபின் ஜப்திக்கு ஆள் வந்தால் என் செய்வது என்று பெரியம்மா கலங்க வேண்டியதில்லை. சூரியாஸ்தமனத்துக்குப் பின்னும் உதயத்துக்கு முன்னும் வீட்டினுள் நுழைய 62-ஆவது பிரிவு இடந்தராது. கடனாளியின் சொந்தச் சமையல் பாத்திரங்களையும், படுக்கையையும், மதாசாரப்படி ஸ்திரீகள் கழற்றலாகாத ஆபரணங்களையும், கைத்தொழிலாளியின் கருவிகளையும் 60-ஆவது பிரிவு ஜப்திக்கு விலக்காக்கியிருக்கிறது. பெரியப்பாவின் பீரோ கடனாளியின் பீரோவே அன்று. அதைத் தூக்கினால் 21-ஆவது கட்டளை 58-ஆவது விதிப்படி கிளெய்ம் மனுப் போடலாம். பீரோ வாங்கிய ரசீதைத் தேடி எடுப்பதுதான் கஷ்டம். அது அந்தப் பீரோவுக்குள்ளேயே எங்கோ இருக்கும்.

எதிர்வீட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்குவாரில்லாவிடில் சம்மனின் நகலைப் பிரதிவாதி வழக்கமாக வசிக்கும் வீட்டின் வெளிக்கதவில் ஒட்டலாம் என்கிறது 5-ஆவது கட்டளையின் 17-ஆவது விதி. ஒட்டிய பின், அந்த வீட்டை அடையாளம் காட்டியவருடைய பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கோர்ட்டுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். இந்த ஷரத்தை எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு யாரோ படித்துக் காட்டிவிட்டார்கள். நாற்பது வருஷமாக எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதையும் விட்டுவைக்காத அந்த மகானிடம், சென்ற வாரம் அமீனா சைக்கிளை நிறுத்தி விலாசம் விசாரித்தபோது, தாம் இந்தத் தெருவுக்குப் புதிது என்று சொல்லிவிட்டாராம்.