ஆயா பிழிந்த பால்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வளர்ந்தவர்களிடம் சின்ன வயதில் குடித்த பாலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், மாட்டின் முகம் அவ்வளவு சீக்கிரம் நினைவுக்கு வராது. உப்பு பூத்த மண்ணில் புல்லுக்கே வழியில்லை, கறவைக்கு எங்கே போவது? பொன்னேரிப் பக்கத்திலிருந்து வரும் கொஞ்சம் பாலும் டீக்கடைக்கும் காய்ச்சல்காரர்களுக்கும் சரியாகப் போய்விடும்.

எங்களுக்கு வாய்த்த பால்கள் வேறு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமென்று பால்சுறாவை அவித்து உதிர்த்துப் புட்டு செய்வார்கள். அந்தப் பிள்ளை ஆறு மாதம் தாண்டியதும் கேழ்வரகுப் பால். ஆயா கேழ்வரகை ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து தொங்கவிட்டு, வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் ஆட்டுக்கல்லில் போடுவாள். எதிரே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏறுகிற நாட்களில் படகு இறக்கக் கூடாதென்பதால் வீட்டிலிருக்கும் தாத்தா கைக்குக் குழவி போகும். அரைத்ததைப் பழைய வேட்டித் துணியில் பிழிந்து, அடுப்பில் வைத்துக் கிண்டினால் பழுப்பாகப் பளபளத்துத் திரளும். வெல்லம் போடாமலே லேசாக இனிக்கும். சக்கை கோழிக்கு, சட்டியில் பிடித்த காந்தலுக்கு எங்களுக்குள் சண்டை.

அப்புறம் ஆவின் நீலப் பாக்கெட் வந்தது, பிள்ளைகளுக்கு நல்லதுதான் வந்தது. ஆனால் கேழ்வரகுப் பால் கொடுக்கிற வீடு இல்லாதப்பட்ட வீடு என்றும் கூடவே ஒரு பெயர் வந்து, ஆட்டுக்கல் கொல்லைக்குப் போனது.

இப்போது சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது அட்டைப்பெட்டியில் ஓட்ஸ் பால் கொண்டுவருகிறார்கள், பசும்பாலைவிடப் பல மடங்கு விலை. 1990களில் ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ரிக்கார்ட் ஓஸ்டே என்ற விஞ்ஞானி உருவாக்கியது. ஓட்ஸை அரைத்து நொதி சேர்க்கிறார்கள். அது மாவுச்சத்தை உடைத்து இனிப்பாக்குகிறது. ஆயாவின் துணிமுடிப்புக்குள் முளை செய்துகொண்டிருந்த வேலையும் அதேதான் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஓட்ஸ் பாலைக் குறை சொல்ல மாட்டேன். பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல். அதிலுள்ள பீட்டா குளுக்கன் கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும். காபிக்குப் பொருந்துகிறது, சேமியா பாயசத்துக்கும்; ரொம்பக் கொதித்தால் மட்டும் கஞ்சியாகிவிடும். ஆனால் புரதம் 100 மில்லிக்கு ஏறக்குறைய 1 கிராம்தான், பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். கால்சியம் பெரும்பாலும் வெளியிலிருந்து சேர்ப்பது, அடியில் தங்கும், குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ குழந்தைகளுக்கான பால்மாவுக்கோ பதிலாக அதைக் கொடுக்கவே கூடாது. கேழ்வரகிலோ 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இயற்கையாகவே உண்டு. வடிகட்டும்போது ஒரு பங்கு சக்கையோடு போய்விடும் என்பதும் உண்மை, கோழிகள் கொடுத்துவைத்தவை.

பிரிக்காத பெட்டி மாதக்கணக்கில் கெடாது என்கிறாள் என் அண்ணன் மகள். ஆயாவின் பால் மதியம் தாண்டினால் புளித்துவிடும். அதனால்தான் காய்ச்சிய கையோடு தெருவிலிருக்கும் பிள்ளைகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு டம்ளர் ஊற்றித் தீர்த்துவிடுவாள்.