உப்புத்தண்ணி டிரஸ்ஸர்

லெம்பா பெர்த்தாமில் கடல் கிடையாது. சுமார் ஆயிரம் மீட்டர் உயரம். மேலே தேயிலைச் சரிவு, கீழே பிளாஸ்டிக் கூரைக்குள் தக்காளியும் செவ்வந்தியும். உப்புக்காற்று பட வேண்டுமென்றால் தாப்பா வளைவுகளில் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி, லூமூட் வரை போக வேண்டும். அப்படிப்பட்ட ஊரிலும் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து நீமோவும் டோரியும் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 2003இல் நீமோ படம் வந்ததிலிருந்து கோமாளி மீனின் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. கடல்மீன் வந்த பிறகு அதற்கு வைத்தியம் பார்க்க ஒருவர் வராமல் இருப்பாரா? வந்தார். அவர்தான் உப்புத்தண்ணி டிரஸ்ஸர்.

பட்டப்பெயர் ஊர் கொடுத்தது. அந்தக் காலத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் டாக்டர் எப்போதாவது வருவார், டிரஸ்ஸர்தான் நிரந்தரம். காய்ச்சலோ கழிச்சலோ, போத்தலில் ஒரு கலர் தண்ணியை ஊற்றிக் கொடுத்து அனுப்புவார். நம்மவருக்கு அந்தப் பரம்பரையோடு ரத்த உறவு எதுவும் இல்லை. மனசால் மட்டும் வாரிசு. மோட்டாரின் முன்கூடையில் எப்போதும் மூன்று போத்தல் கிலுகிலுக்கும்: நீல மருந்து, பச்சை மருந்து, மஞ்சள் பொடி. அவருக்குச் சொந்தமாகவும் ஒரு தொட்டி இருந்தது. இப்போது அதில் மணி பிளாண்ட் நன்றாகப் படர்ந்திருக்கிறது.

மீனுக்கு முடியவில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. எப்படியோ தெரிந்துவிடும். வருவார், செருப்பைக் கழற்றுவார், தேத்தண்ணி வேண்டாம் என்பார், வந்ததும் குடிப்பார். பிறகு தொட்டிக் கண்ணாடியில் விரலால் டக் டக்கென்று தட்டுவார். ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் டோரி அந்தச் சத்தத்தில் பாறைக்குப் பின்னால் போய் ஒளியும்.

"பார்த்தியா தம்பி, பயப்படுது. நோய் முத்திருச்சி."

அடுத்தது பரிசோதனை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, சுட்டுவிரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். "உப்பு பத்தாது லா. ஒரு கை போடு."

இங்கேதான் அவருடைய பழைய அனுபவம் குறுக்கே வந்து விழுகிறது. கப்பி, தங்கமீன் வளர்த்தவர்களுக்கு உப்பு ஒரு சர்வரோக நிவாரணி. நன்னீர் மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் கொஞ்சம் கல்லுப்பு கேட்கும். கடல்மீனுக்கு வருகிற வெள்ளைப்புள்ளியோ வேறு உயிரி. கிரிப்டோகாரியோன் இரிட்டன்ஸ் என்று 1951இல் பேர் வைத்தார்கள். உப்புத் தண்ணியிலேயே பிறந்து வளர்ந்த ஜந்துவை உப்புக் காட்டி மிரட்ட முடியாது. குறைத்தால்தான் திணறும். சாதாரணக் கடல்நீரின் அடர்த்தி 1.025 என்றால், அதை இரண்டு மூன்று நாளில் படிப்படியாக 1.009க்கு இறக்கி, சில வாரம் அங்கேயே நிறுத்துவது ஒரு வைத்தியம். மீன் தாங்கும், ஒட்டுண்ணி தாங்காது. ஆனால் 1.009க்கும் 1.011க்கும் உள்ள வித்தியாசம் எந்த நாக்குக்கும் தெரியாது; அதற்கு ஒளி பார்த்து அளக்கிற கருவி ஒன்று இருக்கிறது. டிரஸ்ஸருக்குக் கருவி என்றாலே சந்தேகம். "அதெல்லாம் பேட்டரி போனா பொய் சொல்லும்" என்பார். அதற்குப் பேட்டரியே கிடையாது.

அவர் புகழுக்கு உண்மையான காரணம் அந்த ஒட்டுண்ணியேதான். மீன் உடம்பில் ரவை தூவியது மாதிரி தெரிகிற ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் அது தோலுக்கடியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வயிறு நிறைந்து தானாகவே கழன்று விழுந்துவிடும். யாரும் எதுவும் செய்ய வேண்டாம். மணலிலும் பாறையிலும் ஒட்டிக் கூடு கட்டி, உள்ளுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகி, சில நாளிலோ சில வாரத்திலோ குஞ்சு குஞ்சாக நீந்தி வரும். டிரஸ்ஸர் திங்கள்கிழமை நீல மருந்து ஊற்றுகிறார், வியாழக்கிழமை மீன் பளிச்சென்று இருக்கிறது. ரிங்லெட் கடைத்தெரு வரை பேச்சு பரவிவிடும். இரண்டு வாரம் கழித்துப் புள்ளி பத்து மடங்காகத் திரும்பி வரும்போது, "நான் சொன்ன தீனியை நீங்க கொடுக்கல" என்று முடித்துவிடுவார். தோலுக்கடியில் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் எந்த மருந்தும் அதைத் தொடாது, நீந்தித் திரிகிற அந்த ஒரு நாள் ஒன்றரை நாளில்தான் பிடிக்க முடியும் என்கிற சமாச்சாரம் அவருடைய தொழிலுக்கு உகந்ததல்ல. அவருக்குச் சனிக்கிழமை பிரிஞ்சாங் பாசார் மாலாமுக்கு முன்னால் குணமாக வேண்டும்.

சில வீடுகளில் அவர் ஊற்றியும் மீன் பிழைத்திருக்கிறது. விசாரித்தால், வடிகட்டியில் இருக்கிற கரியை எடுக்க மறந்திருப்பார். அது மருந்தையெல்லாம் உறிஞ்சிக் காப்பாற்றியிருக்கும்.

நீல மருந்தோடு நின்றால்கூடப் போகட்டும். அது தொட்டியின் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, அம்மோனியாவை ஏற்றி, மீனை மெதுவாகத்தான் வாட்டும். அவருக்கு செம்பின் மேலும் ஒரு கண் உண்டு. தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வந்தால் செம்பு மருந்து அடிப்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் மருந்துத் தோங் தூக்காத தோள் குறைவு. "தேயிலைக்கு ஆவுற செம்பு மீனுக்கு ஆகாதா?" என்று கேட்பார். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது, அதுதான் ஆபத்து. செம்பு வெள்ளைப்புள்ளிக்கு உண்மையிலேயே நல்ல மருந்து. ஆனால் மீனுக்கென்று செய்த செம்பு, லிட்டருக்கு 0.15லிருந்து 0.20 மில்லிகிராம். இது சாதாரணச் செம்புக் கணக்கு. வேறு பொருளோடு பிணைத்து விற்கும் வகைக்கு அளவே வேறு, போத்தலில் எழுதியிருப்பதுதான் வேதம். குறைந்தால் பலனில்லை, கூடினால் மீன் காலி. தினமும் சோதித்து, இரண்டு மூன்று வாரம் அதே அளவில் பிடித்து வைக்க வேண்டும். தோட்டத்துப் பூஞ்சை மருந்தை அள்ளிப் போடுகிற வேலை இல்லை இது. பெரிய தொட்டியில் போடவே கூடாது. இறால், நத்தை, பவளம் எல்லாம் ஒரே ராத்திரியில் பரலோகம் போகும். பாறையும் மணலும் செம்பைக் குடித்து வைத்துக்கொள்ளும். கூடவே பாதுகாப்புக்கு என்று அம்மோனியாவை அடக்கும் திரவத்தையும் ஊற்றினால், பிணைத்து வைத்திருந்த செம்பு கட்டவிழ்ந்து நேரடி விஷமாகிவிடும். டிரஸ்ஸருக்குப் 'பாதுகாப்புக்கு' என்ற சொல் மிகவும் பிடிக்கும்.

அவரை வென்ற ஒரே ஆள், பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு வீட்டு மருமகள். அந்த வீட்டு நீமோவுக்குப் புள்ளி வந்தபோது அவர் போத்தலோடு போய் நின்றார். அந்தப் பெண் பின்கட்டில் ஒரு வெறும் தொட்டியை வைத்திருந்தாள். மணல் இல்லை, பாறை இல்லை. சூடேற்றும் கம்பி, காற்றுக்குழாய், ஸ்பாஞ்சு வடிகட்டி, மீன் ஒளிந்துகொள்ளக் காய்கறித் தோட்டத்தில் மிஞ்சிய பிவிசி குழாயில் இரண்டு துண்டு. அவ்வளவுதான். நீமோவை அதில் விட்டு, அளந்து செம்பு போட்டிருந்தாள். கீழே ஈப்போவில் தொட்டித் தண்ணியைக் குளிர வைக்கத் தவிப்பார்கள். இங்கே ராத்திரிக் குளிரில் அந்தக் கம்பி அணைந்தால் மீன் விறைத்துப்போகும்.

"பெரிய தொட்டில மருந்து ஊத்தலையாம்மா?"

"இல்ல அங்கிள். அது ஆறு வாரம் மீனே இல்லாம கிடக்கட்டும். ஒட்டிக்க உடம்பு கிடைக்கலைன்னா பூச்சி தானா செத்துரும். பத்து வாரம் விட்டா இன்னும் நல்லது."

"சும்மா விடறதா?"

"சும்மா விடறதுதான்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மருந்து கசப்பாக இருக்கலாம், விலை அதிகமாக இருக்கலாம், எதையும் ஏற்றுக்கொள்வார். 'சும்மா' என்பது மட்டும் தாங்காது. இருந்தாலும் அந்தப் பெண் கெட்டிக்காரி. அவர் கை சும்மா இருந்தால் தொட்டிக்குத்தான் கேடு என்று புரிந்துகொண்டு, தினமும் சாயங்காலம் செம்பு சோதிக்கிற கண்ணாடிக் குழாயை அவரிடமே கொடுத்தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நிற அட்டையோடு ஒப்பிட்டு, நோட்டில் எழுத வேண்டும். மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு நாளும் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். கூடத்தில் மீனில்லாத தொட்டியைப் பார்த்து விருந்தாளிகள் கேட்டால், "வார்டுல அட்மிட் பண்ணிருக்கோம், பார்க்கிற நேரம் ஆறு மணி" என்பார். பண்ணிருக்கோம் என்றுதான் சொல்வார்.

நீமோ பிழைத்தது, பெரிய தொட்டிக்கும் திரும்பியது. போன வாரம் கம்போங் ராஜாவிலிருந்து யாரோ போன் பண்ணினார்கள், அங்கே ஒரு டோரிக்கு முடியவில்லையாம். டிரஸ்ஸர் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னார்: தனித் தொட்டி, குழாய்த் துண்டு, அளந்து செம்பு, தினசரி சோதனை, பெரிய தொட்டி ஆறு வாரம் காலி. ஒன்றுவிடாமல், ஏதோ தானே கண்டுபிடித்தது போல. போனை வைக்கிற நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்:

"அப்புறம் தம்பி, எதுக்கும் பாதுகாப்புக்கு, நீல மருந்து ஒரு மூடி ஊத்திக்க."