ஆறிய டீயும் ஐஸ் டீயும்: ஒரு வேறுபாட்டாய்வு

கத்திரி வெயில் தொடங்கியதும் நம் வீடுகளில் ஒரு பிழை ஆண்டு தவறாமல் அரங்கேறுகிறது. காலையில் போட்டு, குடிக்க மறந்து, அடுப்பு மேடையோரம் ஏடு படிந்து கிடக்கும் டீயை மதியம் யாராவது கண்டெடுக்கிறார்கள். அதில் இரண்டு ஐஸ் கட்டி போட்டு 'ஐஸ் டீ' என்று பெயரும் சூட்டிவிடுகிறார்கள். குடித்தவர் முகம் சுளிக்கிறார். பழி டீத்தூள் மேல் விழுகிறது. தூள் தப்பித்தால் தண்ணீர் மேல் விழுகிறது. இரண்டுமே குற்றமற்றவை என்பது இக்கட்டுரையின் துணிபு. ஐஸ் டீ என்பது குளிர்ந்துபோன டீ அன்று. குளிர்வதற்கென்றே போட்ட டீ. இவ்வேறுபாட்டை வெப்பமானி காட்டாது. இலக்கணம் காட்டும், அதன்பின் இயற்பியலும் வேதியியலும் வரலாறும் வந்து வழிமொழியும்.

முதல் சான்று மொழியிலிருந்து. 'டீ ஆறிப்போச்சு' என்கிறோம். 'போ' என்னும் இத்துணைவினை உடைந்துபோச்சு, கெட்டுப்போச்சு, மறந்துபோச்சு என்று இழப்பின் வரிசையில் நிற்பது. நட்டம் உண்டு, செய்தவர் இல்லை. ஐஸ் டீயையோ ஒருவர் 'குளிர வைக்கிறார்'; அங்கே எழுவாய் ஒளிந்துகொள்ள முடியாது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அரை மணி நேரம் மேசையில் கிடந்த ஐஸ் டீயை யாரும் ஆறிப்போச்சு என்பதில்லை, 'சூடாயிடுச்சு' என்கிறார்கள். சூடான டீ கீழே இறங்கி வந்தும், ஐஸ் டீ மேலே ஏறி வந்தும் சேருமிடம் ஒன்றே: அறையின் வெப்பநிலை. மே மாதத்துச் சென்னையில் அது 35 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அந்த 35-ல் இரண்டும் சரிநிகர் சமானமாகத் தொட்டியில் கொட்டப்படுகின்றன. ஆகவே வேறுபாடு சூட்டில் இல்லை, போட்டவரின் கருத்தில் இருக்கிறது.

இயற்பியல் இதைக் கணக்குப் போட்டே காட்டும். 90 டிகிரியில் இருக்கும் 150 மில்லி டிகாஷனை 10 டிகிரிக்குக் கொண்டுவர அதிலிருந்து 12,000 கலோரி வெப்பத்தைக் களைய வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரியும், உருகிய நீர் 10 டிகிரிக்கு ஏற இன்னும் 10 கலோரியும் எடுத்துக்கொள்ளும். ஆக, தேவைப்படும் ஐஸ் ஏறத்தாழ 133 கிராம். அதாவது டம்ளரில் பாதி டீ, பாதி தண்ணீர். சாதாரணமாகப் போட்ட டீ இந்தச் சோதனையில் தேறாது. இரண்டு பங்கு தூள் போட்டு, நீர்க்கப்போவதை முன்கூட்டியே அறிந்து இறக்கிய டீதான் தேறும். அதே டிகாஷனை 35 டிகிரி வரை ஆறவிட்டால் 42 கிராம் ஐஸே போதுமே என்று கணக்கறிந்தவர் கேட்பார். போதும். ஆறுவது ஐஸ் டீக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம் என்பதை மறுக்கவில்லை. அங்கேயே இறங்கிவிடக் கூடாது என்பதுதான் நம் வாதம்.

வேதியியலும் இதே பக்கம் நிற்கிறது. கடுப்பான டிகாஷனை ஃப்ரிட்ஜில் வைத்தால் அது கலங்குகிறது. டீயில் உள்ள கஃபீனும் பாலிஃபீனால்களும் குளிரில் ஒன்றோடொன்று பிணைந்து துகளாவதே காரணம். கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளிந்துவிடும். ஆனால் வெந்நீர் விட்டு மீட்ட ஐஸ் டீ, சொந்தக் கட்சிக்கே துரோகம் செய்தது. மாறாக, தூளைப் பச்சைத் தண்ணீரிலேயே போட்டு ஃப்ரிட்ஜில் ஆறேழு மணி நேரம் ஊறவிட்டால் கலங்கும் பொருள்கள் குறைவாகவே இறங்குகின்றன, துவர்ப்பும் அடங்குகிறது. சர்க்கரை அடியில் தங்குவதற்கும் குளிரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. உறைநிலையை ஒட்டிய 100 கிராம் தண்ணீர்கூட ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரையைக் கரைக்க வல்லது; அதற்கு அவகாசம்தான் வேண்டும். சுடச்சுடக் கரைத்துப் பாகாக வைத்துக்கொண்டவருக்கு இந்தச் சிக்கலே எழாது. பால் கலந்த டீயிலோ எலுமிச்சை பிழிந்த கணமே பால் திரிந்து, விவாதத்தைத் தானே முடித்துவைக்கும்.

வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1904-ல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில், இந்தியத் தேயிலையைப் பரப்பப் போயிருந்த ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் சூடான டீயை எவரும் சீண்டாததால் அதில் ஐஸைப் போட்டார், ஐஸ் டீ பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அவசரத்தில் பிறந்த அற்புதம் என்பதால் மேடையோர டீக்காரர்களுக்கு இக்கதை மிகவும் பிடிக்கும். ஆனால் 1879-லேயே வெளிவந்த 'ஹவுஸ்கீப்பிங் இன் ஓல்டு வர்ஜீனியா' என்னும் சமையல் நூலில் மரியன் கேபெல் டைரி ஐஸ் டீக்குச் செய்முறை தந்துவிட்டார். இரவு உணவுக்கு வேண்டுமென்றால் காலைச் சிற்றுண்டி வேளையிலேயே போட்டுவிட வேண்டும் என்பது அவர் விதி. கண்காட்சிக்குக் கால் நூற்றாண்டு முன்பே இதன் இலக்கணம் முன்யோசனை என்று முடிவாகிவிட்டது.

இனி மறுப்புகள். மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் மறுநாள் அமுதமாகும்போது மீந்த டீ மட்டும் என்ன பாவம் செய்தது என்பது வலுவான கேள்வி. பழைய சோறு இரவு முழுக்கச் சும்மா இருப்பதில்லை. நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்து வேறோர் உணவாக்குகின்றன. ஆறிய டீக்கு அப்படி உழைக்க ஆளில்லை. அது கறுத்துக் கசக்க மட்டுமே கற்றுக்கொள்கிறது. 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்னும் பழமொழி கஞ்சியைவிட டீக்கே பொருந்தும். அடுத்து, வெயிலுக்குச் சூடான டீதான் உடம்பைக் குளிர்விக்கும் என்பார்கள். ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2012-ல் இதற்கு ஒத்த முடிவையே சொன்னது. ஆனால் ஒரு நிபந்தனை: கூடுதலாகச் சுரக்கும் வியர்வை முழுதும் ஆவியாக வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை சட்டையைவிட்டு நகராத சென்னைக்கு அந்தச் சலுகை இல்லை.

ஆகவே முடிவு இது. ஐஸ் டீ தாகம் எடுக்கும்போது போடப்படுவதன்று. யாருக்கும் தாகமில்லாத முந்தின இரவில், ஒரு லிட்டர் தண்ணீருக்கு எட்டுப் பத்து கிராம் இலைத்தூளும், காலியான ஐஸ் டிரேக்குத் தண்ணீருமாகத் தொடங்குவது. கடைசிக் கட்டியை எடுத்தவர் டிரேயை நிரப்பாமலே உள்ளே தள்ளும் வீட்டில் இவ்விரண்டும் நடக்குமென்று எதிர்பார்க்க ஆதாரமில்லை. அவ்வீட்டாருக்கு மேடையோரத்து டீ இருக்கவே இருக்கிறது. போட்டியில் தோற்றவருக்குக் கொடுப்பதை ஆறுதல் பரிசு என்று தமிழ் சும்மா சொல்லவில்லை.