கிராப்பி பேத நிர்ணயம்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து வடமேற்கு மூலையில், 1811-12ஆம் ஆண்டுகளின் நியூ மாட்ரிட் பூகம்பங்களில் பூமி தாழ்ந்து, நின்ற சைப்பிரஸ் வனம் நின்றபடியே நீரில் அமிழ உண்டாயிற்று ரீல்ஃபுட் ஏரி. அங்கே கையகல மீனொன்றைப் பிடித்துவிட்டு, அது வெள்ளைக் கிராப்பியா கருங்கிராப்பியா என்று பொழுது சாயும்வரை தர்க்கிக்கும் பெருமக்களின் பொருட்டே இவ்வாராய்ச்சி எழுதப்படுகிறது. பொரித்துத் தட்டில் வைத்தபின் இரண்டும் ஒன்றுதானே என்பார் ஆராய்ச்சியின் இலட்சணம் அறியாதார். அவர்களுக்கு விடையிறுப்பது வீண்.

மீனைக் கைப்பற்றும் முறையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். நீருள் மறைந்த அடிமரங்கள் படகை இடிக்குமாதலால், முன்னோக்கி அமர்ந்தே வலிக்கும்படி கீல் வைத்த துடுப்புகள் இவ்வேரிப் படகுகளில் உண்டு. மரத்தருகே சிறுமீனை இரையாகத் தொங்கவிட்டு, தக்கை அசைந்ததும் மெல்லத் தூக்கவேண்டும். வெடுக்கென இழுத்தால் மிக மெல்லிய வாய்ச்சவ்வு கிழிந்து மீன் போய்விடும்.

இனி விசாரணை. நிறமே பிரமாணம் என்பது பூர்வபட்சம். வெள்ளையின் விலாவில் கரும்புள்ளிகள் மேலிருந்து கீழாகப் பட்டைகளாய் நிற்கும். கறுப்பிலோ மிளகுத்தூள் தூவினாற்போல் ஒழுங்கின்றிச் சிதறும். கேட்க இனிய இக்கொள்கை இனப்பெருக்கப் பருவத்தில் குலைந்துபோகிறது. அப்போது வெள்ளைக் கிராப்பியின் ஆண் தலையும் மார்பும் கறுத்து, கருங்கிராப்பியோ என்று எவரும் மயங்கும்படி திரிகிறது.

ஆகவே முதுகுத்துடுப்பின் முட்களை எண்ணுவதே சித்தாந்தம். வெள்ளைக்குப் பெரும்பாலும் 5 அல்லது 6. கறுப்புக்கு 7 அல்லது 8. இந்தப் 'பெரும்பாலும்' என்பதில்தான் சச்சரவெல்லாம் குடியிருக்கிறது. முதல் முள் மிகக் குட்டையாதலால், துடுப்பை விரலால் நிமிர்த்தாமல் எண்ணுகிறவர் அதை விட்டுவிடுவார். அவருக்கு ஏழு முள் ஆறாகும், கறுப்பு வெள்ளையாகும். ஐயமுற்றோர் துடுப்பின் அடிநீளத்தை நூலால் அளந்து, அந்நூலைத் துடுப்பின் தொடக்கத்திலிருந்து தலைப்பக்கமாக நீட்டிப் பார்க்கலாம். கண்ணை எட்டினால் கறுப்பு, எட்டாவிடில் வெள்ளை.

வெள்ளைக் கிராப்பிக்கு 1818இல் சாஸ்திர நாமம் சூட்டிய ராஃபினெஸ்க் என்னும் பேராசிரியர், அவ்வாண்டே கென்டக்கியில் பறவை ஓவியர் ஆடுபானின் விருந்தினராக இருந்தார். குண்டு துளைக்காச் செதிலுடைய மீன் ஒன்று உண்டென்று ஓவியர் விளையாட்டாய்க் கட்டிவிட்டதை மெய்யென்று நம்பி, ஓஹையோ நதி மீன்களைப் பற்றிய தம் 1820ஆம் ஆண்டு நூலில் அதையும் சேர்த்துவிட்டார். இல்லாத மீனுக்கே இடமளித்த அவ்வுதாரகுணம் நம் படகுப் பண்டிதர்களிடம் காணக்கிடைப்பதில்லை. கண்முன் துள்ளும் மீனையே அவர்கள் ஒப்புவதில்லையே.

எஞ்சியது ஒரு சங்கடம். இவ்விரு பேதங்களும் தம்முள் கலந்து குஞ்சு பொரிப்பதுண்டு. பட்டையும் சிதறலும் பாதிபாதியாய், எண்ணிக்கையும் இரண்டுங்கெட்டானாய் அத்தகைய மீன் ஒன்று அகப்படுமாயின், பிடித்தவர் வாக்கே தீர்ப்பு. ஆட்சேபிப்பவர் தம் தூண்டிலில் வேறொன்றைப் பிடித்துக்கொண்டு வாதத்துக்கு வரட்டும்.