கட்டிப்பிடிக்க அல்ல, எறிய!

? எங்கள் ஜிம்மில் 'மெடிசின் பால்' என்ற கனமான பந்தை ஸ்டூலாகத்தான் பயன்படுத்துகிறார்கள். டம்பெல், பார்பெல் எல்லாம் இருக்கும்போது இது எதற்கு?
– மதுரை வாசகர்

எறிவதற்கு. பார்பெல்லை நெஞ்சிலிருந்து மேலே தள்ளிப் பாருங்கள். கை நீளும் கடைசிக் கட்டத்தில் உடம்பு தானாகவே பிரேக் போடும். போடாவிட்டால் கம்பி பறக்கும், தோள்மூட்டும் கூடவே கிளம்பும். பந்துக்கு அந்தக் கவலை இல்லை. கையை விட்டுப் போவதுதான் அதன் வேலை என்பதால், கடைசி நொடிவரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம்.

கனமானதை மெதுவாகத் தூக்கவும் பலம் வேண்டும். அந்தப் பலத்தைக் கண் இமைப்பதற்குள் வெளியே கொட்டுவது வேறு வித்தை. ஈட்டியின் எடை 800 கிராம்தான். அதை நீரஜ் சோப்ரா 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 87.58 மீட்டர் அனுப்பினார். காலில் கிளம்பி, இடுப்பில் திரும்பி, தோள் வழியாக விரல் நுனிக்கு வருகிற அந்த ஓட்டத்தைப் பழக்கத்தான் பந்து. வேகப்பந்து வீச்சாளர்கள் பக்கவாட்டில் நின்று, இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறிவதும் இதற்காகவே. உட்கார ஸ்டூல் மலிவாகவே கிடைக்கிறது.

? எத்தனை கிலோ வாங்கலாம்? கடையில் 10 கிலோ பந்து கம்பீரமாக இருந்தது.
– ஈரோடு வாசகர்

கம்பீரம் கடைக்காரரிடமே இருக்கட்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு 2 முதல் 4 கிலோ தாராளம். எறிந்த பந்து 'விர்'ரென்று போகாமல் 'தொப்'பென்று சரிந்தால் அது உங்களுக்கு அதிகம். கிராஸ்ஃபிட்காரர்கள் 9 கிலோ பந்தோடு உட்கார்ந்து எழுந்து, 10 அடி உயரக் குறியில் மாற்றி மாற்றி அடிக்கிறார்களே என்பீர்கள். அது தொடையையும் மூச்சையும் பதம் பார்க்கிற வேறு கணக்கு.

? ஒரு நாளைக்கு எத்தனை தடவை எறிய வேண்டும்?
– நாகர்கோவில் வாசகி

எதற்காக எறிகிறீர்கள்? வேகத்துக்கு என்றால் ஒரு செட்டுக்கு 5 அல்லது 6 எறி, ஒவ்வொன்றும் முழு மூச்சாக. பிறகு ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. மூன்று நான்கு செட்டோடு மூட்டை கட்டிவிடலாம். ஓய்வில் சும்மா நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் 'அவ்வளவுதானா?' என்று சிரிப்பார். சிரிக்கட்டும். களைத்த பிறகும் எறிந்துகொண்டிருந்தால், மெதுவாக எறியத்தான் உடம்பு கற்றுக்கொள்ளும்.

ஸ்டாமினாவுக்கு என்றால் கதை தலைகீழ். 30 விநாடி விடாமல் எறிந்து, 30 விநாடி நின்று, எட்டுப் பத்துச் சுற்று. அங்கே களைப்பைத்தான் தேடிப் போகிறீர்கள். ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்றால் வேகம் முதலில், ஸ்டாமினா கடைசியில்.

? தொப்பை கரையுமா?
– பெயர் வேண்டாம், தாம்பரம்

பந்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து இடமும் வலமும் திரும்புவதால் மட்டும் கரையாது. கொழுப்பு எந்த இடத்திலிருந்து இறங்க வேண்டும் என்று நாம் உத்தரவு போட முடியாது. மூன்றாம் முறை சோறு கேட்கும் வாய்க்குப் போடலாம்.

? அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் தினமும் மெடிசின் பால் ஆடினார் என்கிறார்களே, உண்மையா?
– திருச்சி வாசகர்

உண்மைதான். ஹெர்பர்ட் ஹூவர். 1929 முதல் 1933 வரை பதவியில் இருந்தவர். அவர் உடம்பு பெருத்துவிடாமல் இருக்க வெள்ளை மாளிகை டாக்டர் ஜோயல் பூன் ஓர் ஆட்டத்தையே உருவாக்கினார். 8 அடி உயரத்தில் வலை. அதற்கு மேலே 6 பவுண்டு பந்தை எறிய வேண்டும். எதிரணி அதைப் பிடித்து, பிடித்த இடத்திலிருந்தே திருப்பி எறிய வேண்டும். புள்ளிக்கணக்கு டென்னிஸ் மாதிரி. ஞாயிறு தவிர தினமும் காலை 7 மணிக்குத் தெற்குப் புல்வெளியில் ஆட்டம். மந்திரிகளோடு உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லன் ஸ்டோனும் வந்து எறிந்தார். கூட்டத்துக்கு 'மெடிசின் பால் கேபினட்' என்றே பெயர் விழுந்தது. ஆட்டத்துக்கு 'ஹூவர் பால்' என்று பெயர் வைத்தவர் வில்லியம் ஆதர்டன் டுபுய் என்ற பத்திரிகையாளர்.

வெளியே பொருளாதாரம் சரிந்து, ஜனம் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம் அது. 1932 தேர்தலில் ஹூவரைத் தூக்கி எறிந்தார்கள். ஆட்டம் பிழைத்துக்கொண்டது; அவர் பிறந்த வெஸ்ட் பிராஞ்ச் ஊரில் அதற்குப் போட்டியே நடத்துகிறார்கள். 6 பவுண்டு என்பது ஏறக்குறைய 2.7 கிலோ. ஈரோட்டு அன்பர் கவனிக்க.

? நம் கர்லாக்கட்டை இருக்க, வெளிநாட்டுப் பந்து எதற்கு?
– தஞ்சை வாசகர்

இரண்டும் பழைய சிநேகிதர்கள். 1859-இல் ஹார்வர்டு ஜிம்னாசியத்துக்குப் பயிற்சியாளராக வந்தவர் ஆரன் மாலினோ ஹியூலெட் என்ற கறுப்பினத்தவர். அந்தக் காலத்தில் எடுத்த அவருடைய படத்தில் மெடிசின் பாலும் இருக்கிறது, 'இந்தியன் கிளப்' என்ற பெயரில் கர்லாவின் உறவுக்காரக் கட்டைகளும் இருக்கின்றன. கட்டையை விடாமல் சுழற்றுங்கள், பந்தை விட்டுவிடுங்கள். தெற்கே இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுவார்களே, அதையே இன்று பந்தை வைத்துச் செய்யச் சொல்லி மாதச் சந்தா வாங்குகிறார்கள்.

? மூன்றாவது மாடியில் இருக்கிறேன். பந்தைத் தரையில் ஓங்கி அடித்தால் கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.
– வேளச்சேரி வாசகர்

நியாயம் அவர் பக்கம். மண் தரைக்கு இறங்குங்கள். 'ஸ்லாம் பால்' என்று கேட்டு வாங்குங்கள், அது விழுந்த இடத்திலேயே கிடக்கும். துள்ளுகிற ரப்பர் பந்தை அப்படி அடித்தால் நேரே மூக்கை விசாரிக்க வரும்.

? பழைய பாஸ்கெட்பாலில் மணல் நிரப்பி வீட்டிலேயே செய்யலாமா?
– கரூர் வாசகர்

செய்யலாம், ஆனால் முழுக்க நிரப்பாதீர்கள். பெரியவர்கள் ஆடும் பாஸ்கெட்பால் ஏழு லிட்டர் கொள்ளும். காய்ந்த மணலைத் திணித்தால் 11 கிலோவைத் தொட்டுவிடும். மூன்று கிலோ மணல், மிச்சத்துக்குக் கந்தல் துணி, ஓட்டைக்குப் பஞ்சர் ஒட்டு. தூக்கவும் ஒருவருக்கொருவர் மெதுவாகக் கொடுத்து வாங்கவும் அது போதும். சுவரில் அடித்தால் ஒட்டு பிய்ந்து, வீட்டைப் பெருக்குவது அன்றைய உடற்பயிற்சியாகிவிடும்.

? எனக்கு 60, கணவருக்கு 64. நாங்களும் எறிந்து பிடிக்கலாமா?
– கும்பகோணம் வாசகி

ரத்த அழுத்தமோ, முதுகிலோ தோளிலோ தொந்தரவோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு கிலோ பந்து, ஐந்தாறு அடி இடைவெளி, நெஞ்சிலிருந்து தள்ளிவிடுதல். எறியும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். கல்யாண நாள் மறந்துபோன வாரத்தில் மட்டும் உங்கள் கணவர் ஓய்வெடுப்பது நல்லது.