மாமியாரைக் கேட்டீர்களா?

கேள்வி: ஸ்ரீரங்கம் உத்தர வீதி அருகே அடுக்கக வீடு. பகலில் மாமியார் மட்டும். மாலையில் பத்து வயது மகன் வந்துவிடுவான். ராஜபாளையமா, லாப்ரடாரா, ஹஸ்கியா? எந்த நாய் எங்களுக்குச் சரிவரும்?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ஹஸ்கி வேண்டவே வேண்டாம். சைபீரியப் பனியில் வண்டி இழுத்த இனம் அது. திருச்சியின் மே மாத வெயிலில் நாமே நிழல் தேடி ஓடுகிறோம். இரட்டை ரோமக் கம்பளியோடு அது எங்கே ஓடும்?

ராஜபாளையம் நம் மண்ணின் பெருமை. 2005-இல் தபால்தலையிலும் ஏறியது. ஆனால் காட்டுப்பன்றியை எதிர்த்து நின்ற ரத்தம். வீட்டில் ஒருவருக்கு மனதைக் கொடுக்கும், மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ளும், அந்நியரைச் சந்தேகிக்கும். கூரியர்காரர், கேஸ்காரர், காபிப்பொடி கடன் கேட்கும் எதிர்வீட்டு மாமி எல்லோரையும் தினமும் விசாரித்தே உள்ளே விடும். தோட்டமும் ஓட இடமும் உள்ள வீட்டுக்குத்தான் அது அழகு. சிப்பிப்பாறை நாயும் அப்படியே, முயல் துரத்திய கால்களை இரண்டு அறைக்குள் அடைப்பது பாவம்.

லாப்ரடார் விருந்தாளியை வாலாட்டி வரவேற்கும், திருடனையும்தான். குழந்தைகளோடு தங்கம். தீனிப் பிரியன் என்பதால், ஆளுக்கொரு தோசை நீட்டினால் எடை ஏறி மூட்டு நோகும்.

என் ஓட்டு தெரு நாய்க்குட்டிக்கு. நம் வெயில் அதன் உடம்புக்குப் பழக்கம், புத்திசாலி, குட்டியிலேயே வந்தால் பையனோடு ஒட்டிக்கொள்ளும். பார்வோ, வெறிநோய்த் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். ஒன்று முக்கியம்: பகலெல்லாம் அதோடு இருக்கப்போகிறவர் உங்கள் மாமியார். முதலில் அவரைக் கேளுங்கள்.