நெறிக்கட்டியல்

மாணாக்க, கேள். உடம்பின்கண் வீங்குவன பல. அடிபட்டு வீங்குவதும், குளவி கொட்டி வீங்குவதும், சினத்தால் வீங்குவதும் பிற நூல்களுக்கு உரியன. தாடைக்குக் கீழோ காதுக்குப் பின்னோ, ஒருநாள் காலை முகம் துடைக்கையில் விரலில் தட்டுப்படும் உருண்டையொன்று உண்டு. அதனை மக்கள் 'நெறி கட்டியிருக்கு' என்பர். அதனையும், அதன் உடன்பிறப்பாகிய அடிநாச்சதை வீக்கத்தையும் தொகை, வகை, விரி என நிறுத்தி இந்நூல் கூறும். எழுதுகோலை எடு, கழுத்திலிருந்து கையை எடு.

1. இடவியல். நிணநீர் ஓடும் வழியில் இடையிடையே அமைந்த சிறு முடிச்சு, நிணமுடிச்சு எனப்படும். உடம்பில் இவை பல நூறு. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தலையிலும் கழுத்திலும் நிற்றலின், தடவுவார்க்கு என்றும் குறைவில்லை. இந்நூலுக்கு வேண்டியவை நான்கு: தாடைக்கோணத்தின் கீழ் நிற்கும் தாடைக்கீழ் முடிச்சு, கழுத்தின் முன்னே நிற்கும் முற்கழுத்து முடிச்சு, பிடரியை அடுத்து நிற்கும் பிற்கழுத்து முடிச்சு, காதுக்குப் பின் நிற்கும் செவிப்பின் முடிச்சு. காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் நிற்பது ஐந்தாவது. அதனை இந்நூல் ஆளாது. அங்கே ஒன்று தட்டுப்பட்டால் நூலை மூடிவிட்டு மருத்துவரிடம் செல்க.

1.1. வாய் திறந்ததும் இருபுறமும் தோன்றுவன அடிநாச்சதைகள். இவை தனித்து நிற்பன அல்ல. நாவின் அடி, மூக்கின் பின்புறம், செவிக்குழலின் வாய் ஆகிய இடங்களில் உள்ள தம் இனத்தோடு கூடித் தொண்டையைச் சூழ்ந்து ஒரு வளையமாகும். செருமானிய உடற்கூற்று அறிஞர் வால்டேயர் 1884-இல் இதனை வகுத்துரைத்தமையின் வால்டேயர் வளையம் என்றே வழங்கும். வளையத்தின் நடுவே தொங்கும் சிறுநாக்கு இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் 'உள்நாக்கு வளந்திருச்சு' என்று நாடெங்கும் பழி சுமத்தப்படுவது அதன்மேல்தான். அது மறுமொழி கூறாது தொங்குகிறது.

1.2. சிறு அகவையில் அடிநாச்சதை பெருத்தே இருக்கும்; அகவை ஏற ஏறச் சுருங்கும். ஆறு அகவைப் பேரனின் வாயை நோக்கி அறுபது அகவைப் பாட்டி அஞ்சுவது அகவை வழு.

2. அளவையியல். நிணமுடிச்சின் அளவு ஐந்து: மிளகளவு, பயற்றளவு, சுண்டைக்காயளவு, நெல்லிக்காயளவு, எலுமிச்சையளவு. ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்டது இயல்பளவு. தாடைக்கீழ் முடிச்சு மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் வரை வளரும் உரிமை பெற்றது. தொண்டைக்குள் நடக்கும் எல்லாக் குழப்பமும் முதலில் அதன் தலையில் விழுதலின்.

2.1. மேற்கூறிய ஐந்தும் தொலைபேசி வழியே செல்லும்போது திரியும். தாயிடம் கூறுகையில் ஓரளவு ஏறி, மிளகு பயறாகும். விடுப்பு வேண்டி மேலாளரிடம் கூறுகையில் ஈரளவு ஏறி, மிளகு சுண்டைக்காயாகும். மருத்துவர் எதிரே அமர்ந்த நொடியில் மறைந்து, 'நேத்து வரைக்கும் இருந்துச்சு டாக்டர்' என்னும் தொடராக எஞ்சும். இம்மூன்றையும் முறையே ஏற்றவீக்கம், மிகையேற்றவீக்கம், கரந்தவீக்கம் என்று குறியிட்டோம்.

3. தீநுண்மியியல். நெறிக்கட்டைத் தோற்றுவிப்பன பெரும்பாலும் தீநுண்மிகள், சிறுபான்மை பாக்டீரியா எனப்படும் கோளுயிரிகள். தொண்டைநோவோடு வரும் பிள்ளைகள் பதின்மருள் இருவர் மூவர்க்கே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கோளுயிரி பொறுப்பாகும். வளர்ந்தாரிடத்தே அதனினும் குறைவு. இரண்டையும் பிரித்தறிய, செண்டார் என்னும் அமெரிக்க மருத்துவரும் உடனாய்வோரும் 1981-இல் நான்கு குறி வகுத்தனர். அவை: அடிநாச்சதைமேல் வெண்படிவு, முற்கழுத்து முடிச்சு நோதல், காய்ச்சல், இருமலின்மை. நான்காவதை உற்று நோக்குக. இருமல் இல்லாமை கோளுயிரியைச் சுட்டுமெனின், இருமலும் மூக்கொழுகலும் குரல்கம்மலும் கண்சிவப்பும் தீநுண்மியின் பக்கம் சாயும். இருமலைக் கேட்டு மருத்துவர் மகிழும் இடம் இஃதொன்றே போலும். 'போலும்' என்றது ஐயப்பொருளில் வந்தது.

3.1. அடினோத் தீநுண்மி. 1953-இல், அறுத்தெடுத்த அடினாய்டு என்னும் மூக்கடிச் சதையில் காணப்பட்டது. அச்சதையின் பெயரே இதற்கும் ஆயிற்று. தொண்டையோடு கண்ணையும் சிவப்பிக்கும். நீச்சல்குளம் இதற்கு உகந்த இடம்.

3.2. காக்சாக்கித் தீநுண்மி. நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் தாங்கியது. பிள்ளைகளின் மேலண்ணத்தில் கொப்புளம் செய்யும்.

3.3. ருபெல்லா. செவிப்பின் முடிச்சையும் பிடரியையும் தேர்ந்து வீங்கச் செய்யும். தடுப்பூசி உண்டு.

3.4. எப்ஸ்டைன்-பார் தீநுண்மி. இவ்வினத்தின் தலைவன் இதுவே. தொண்டைநோவு, காய்ச்சல், நெறிக்கட்டு மூன்றையும் ஒருங்கே தருவது. பிற்கழுத்து முடிச்சையும் விடாதது. கிழமைக்கணக்கில் களைப்பைப் பின்னே விட்டுச் செல்வது. 1889-இல் எமில் ஃபைஃபர் என்னும் செருமானிய மருத்துவர் இந்நோய்க்குச் சுரப்பிக் காய்ச்சல் என்று பொருள்படும் பெயர் இட்டார். 1932-இல் பால், பன்னல் என்னும் இருவர், நோயாளியின் குருதிநீர் ஆட்டின் செங்குருதியணுக்களைத் திரளச் செய்யும் என்று கண்டனர். அதுவே நெடுங்காலம் நோயறியும் தேர்வாக நின்றது. ஆட்டுக்கு இந்நோயில் வேறெவ்வகைத் தொடர்பும் இல்லை என்பதை ஆட்டின் சார்பில் இங்கே பதிகிறோம்.

3.4.1. தீநுண்மியைக் கண்டது 1964-இல். உகாண்டாவிலிருந்து வந்த கட்டியொன்றின் உயிரணுக்களை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து நோக்கியவர் எப்ஸ்டைன், அச்சோங், பார் என மூவர். பெயரில் இருவர் விரிந்தனர்; அச்சோங் தொக்கு நின்றார். அத்தீநுண்மிதான் சுரப்பிக் காய்ச்சலைத் தருவது என்பது பிலடெல்பியாவில் ஆய்ந்த என்லே இணையரால் விளங்கிற்று. அவர்தம் ஆய்வகத்து நுட்பப் பணியாளர் ஒருவரின் குருதியில் முன்பு அத்தீநுண்மிக்கான எதிர்ப்பொருள் இல்லை. அவருக்கு இந்நோய் வந்தபின் இருந்தது. அறிஞர்க்குத் தெளிவும் பணியாளர்க்குக் காய்ச்சலும் ஆகப் பயன் இருவகைத்து.

3.4.2. பரவும் வழி எச்சில். 1955-இல் ஓக்லண்ட் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர் முத்தத்தைச் சுட்டினார். அன்றுமுதல் முத்தக் காய்ச்சல் என்னும் வழக்கு நிலைத்தது. எச்சில்வழி முத்தவழி என்றும் குவளைவழி என்றும் இரண்டாகும். முன்னதன் விரியை அகப்பொருள் நூலார்பால் கேட்டறிக. பின்னதை அஞ்சியே நம் பாட்டிமார் 'செம்புல வாய் வைக்காத, அண்ணாந்து குடி' என்றனர் என்பாரும் உளர். எனினும் உலகில் வளர்ந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டார் இதனை ஏற்றவரே. பெரும்பாலார் மழலையிலேயே, குறியொன்றும் காட்டாது ஏற்றனர். அண்ணாந்து குடித்தோர் இவருள் அடங்கார் எனக் கொள்ளற்க.

3.4.3. உட்புகுந்த தீநுண்மி நான்கு முதல் ஆறு கிழமை ஒளிந்திருந்தே வெளிப்படும். ஆதலின் நேற்றுப் பேருந்தில் அருகே அமர்ந்து இருமியவரைப் பழித்தல் ஆள் வழு. நோயில் மண்ணீரல் வீங்குதலும் உண்டு. அது கிழியும் என்னும் அச்சத்தால் சில கிழமை சடுகுடு ஆடற்க.

4. தடவியல். இனி நூலின் நடுவுக்கு வந்தோம். கழுத்தைத் தடவுவார் தடவர் எனப்படுவர்.

4.1. குத்துத்தடவர். சுட்டுவிரலால் முடிச்சைக் குத்துவர். நோகும். நோகிறதே என்று மீண்டும் குத்துவர். நாளடைவில் நோவு குத்தினால் வந்ததோ குத்து நோவால் வந்ததோ என்பது பிரித்தறிய ஒண்ணாததாகும்.

4.2. ஒப்புத்தடவர். வலப்புறம் தட்டுப்பட்டதை இடப்புறத்தோடு ஒப்பிட விழைவர். அங்கும் ஒன்று இருக்கும். எல்லார் கழுத்திலும் இருபுறமும் இருத்தலின். அமைதி தேடிச் சென்றவர் இரண்டு நோயோடு மீள்வர்.

4.3. பிறர்தடவர். தம் கழுத்து முடிந்தபின் வீட்டார் கழுத்துக்குச் செல்வர். உறங்கும் பிள்ளை முதலில். 'என்னங்க, கைய எடுங்க' என்னும் மனைவி அடுத்து. அலுவலகத்தில் பக்கத்து இருக்கையாரையும் தடவினார் உளராயின் அவர் 4.3.1.

4.4. நள்ளிரவுத்தடவர். ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் கைப்பேசியையும் தடவுவார். இவர் புற்றென முடிவு செய்து உறங்காதவரும், முடிவு செய்தபின் உறங்கியவரும் என இருவகையர். இரண்டாமவர் அருகியே காணப்படுவர். இவர்க்கென ஒரு நூற்பா: நோவது, நெகிழ்வது, விரலுக்கு நழுவுவது பெரும்பாலும் நன்முடிச்சு; கடினமாய், அசையாது, நோவின்றி வளர்வதும், நான்கு கிழமை கடந்தும் குறையாததும் மருத்துவர் முடிச்சு. இரவு இரண்டு மணிக்கு எந்த முடிச்சும் வகைப்படுத்தற்பாலதன்று.

5. வாய்நோக்கியல். இதற்கு வேண்டுவன ஒரு பிள்ளை, ஒரு கரண்டி, ஒரு விளக்கு, குறைந்தது மூன்று பெரியோர். கரண்டியின் காம்பால் தாய் நாவை அழுத்துவாள். கைப்பேசி விளக்கைத் தந்தை பிடிப்பான். ஒளி பிள்ளையின் மூக்கில் விழும். 'ஏங்க, உள்ள காட்டுங்க' என்று தாய் கூற, ஒளி நெற்றிக்கு ஏறும். 'ஆ சொல்லுடா, பெருசா ஆ' என்பதற்குள் பிள்ளை குமட்டும். கரண்டி தரையில் விழும். கழுவிவரச் சென்றவர் வருமுன் பிள்ளை கட்டிலுக்கடியில் இருக்கும். இவ்வளவில் கிட்டிய அரை நொடிக் காட்சியிலிருந்து 'செக்கச்செவேல்னு இருக்கு' என்னும் முடிவு பிறக்கும். அதனைக் கண்ணாடி அணியாத பாட்டி ஒப்புவாள். நலமாயிருந்த நாளில் அத்தொண்டையை ஒருவரும் நோக்கியதில்லை. எனவே எதனினும் சிவப்பு என்னும் வினா இந்நூலிலும் விடையின்றியே நிற்கிறது.

6. மருந்துரையியல். மருந்துரைப்போர் உப்புநீரர், மிளகுப்பாலர், சுக்கர், முன்வில்லையர் என நால்வர். முதல் மூவரால் தீங்கில்லை. கொப்பளிக்க இதமும், குடிக்கச் சூடும் கிடைக்கும். தீநுண்மித் தொண்டைநோவு பெரும்பாலும் ஒரு கிழமையில் தானே தணியும். தணிந்த அன்று எது கையில் இருந்ததோ அதற்கே புகழ். முன்வில்லையர் என்பார் சென்ற ஆண்டு எஞ்சிய இரண்டு அமாக்சிசிலினை அலமாரியிலிருந்து எடுத்துத் தருவார். அவ்வில்லை கோளுயிரியைக் கொல்லுமேயன்றித் தீநுண்மியைத் தொடாது. முத்தக் காய்ச்சலில் இதனை உண்டார்க்கு உடம்பெங்கும் தடிப்பு எழுதல் கூடும். எழுந்தபின் 'எனக்கு அந்த மாத்திரை ஒத்துக்காது' என்று வாழ்நாள் முழுதும் உரைப்பர்.

6.1. வாய் திறக்க இயலாமை, எச்சில் விழுங்கமாட்டாது வடிதல், மூச்சில் ஒலி எழுதல்: இவை உடையார்க்கு வகைப்பாடு இல்லை, வண்டி உண்டு. உடனே ஏற்றுக.

புறனடை. பொன்னுக்கு வீங்கி என்னும் புட்டாளம்மையும் தீநுண்மியால் வருவதே. எனினும் வீங்குவது காதின் முன்னுள்ள எச்சிற்சுரப்பி; முடிச்சன்று. காதுமடல் மேலெழுந்து தாடைக்கோணம் மறையுமாயின் அது பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் பொற்சங்கிலி அணிவிக்கும் வழக்கு நெறிக்கட்டுக்கு இல்லாமையும் ஒரு வேற்றுமை.

7. விழுங்கியல். நோவுடையார் விழுங்கும் முறை ஐந்து. வெற்றெச்சில் விழுங்கல் மிக நோகும். சோறு விழுங்கல் ஓரளவு நோகும். பனிக்கூழ் விழுங்கல் நோகாது. இது பிள்ளைகள் கண்ட உண்மை. நான்காவது காண்விழுங்கல்: பிறர் நோக்குகையில் மட்டும் நிகழ்வது, கண் மூடும், கழுத்து நீளும், கை தொண்டைக்குச் செல்லும், விழுங்கியபின் சுவரைப் பார்த்தல் உண்டு.

7.5. ஐந்தாவது ஆய்விழுங்கல். நோவு இன்னும் உளதோ என்று அறிய விழுங்குதல் அது. நோய் நீங்கிய பின்னும் சில நாள் நிற்கும். விழுங்கி, நோவின்மை கண்டு, சரியாக விழுங்கவில்லை என்று ஐயுற்று, மீண்டும் விழுங்குவர். இதனை நோயின் கூறு என்பார் ஒருசாரார். பழக்கத்தின் கூறு என்பார் மற்றொருசாரார். இரண்டும் கொள்ளப்படும். நோவின்மை கண்டு மகிழ்வாரும், நாளைக்கு விடுப்பில்லையே என்று வருந்துவாரும் என ஆய்வாரும் இருவகையராதலின் 7.5.1, 7.5.2 என எண்ணிட்டுக்கொள்க.